வின்செஸ்டரா மார்லினா

சற்குணம் அண்ணை துவக்கு வாங்கப்போகிறார் என்ற செய்தி லண்டனின் மிச்சம் பகுதியில் பரவியபோது ஒருவரும் பயப்படவில்லை. ஒரு குளிர்கோட்டு வாங்குவதற்கு இரண்டு குளிர்காலம் யோசித்தவர் அவர். மூன்றாவது குளிர்காலம் தொடங்கியதும் அவருடைய மனைவி சிவனேஸ்வரி அக்கா பொறுமை இழந்து, கைக்கு அகப்பட்ட ஒன்றை வாங்கிவந்து கொடுத்தார். அது அளவில் கொஞ்சம் பெரிது. அப்படிப்பட்டவர் கையில் மான் சுடுகிற துவக்கு வந்து சேர்வதற்குள் மான்களுக்கே வயதாகிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

நாங்கள் என்றால் முதலில் நான். என் பெயர் கொட்வின், ட்ராம் ஓட்டுகிறேன், அண்ணைக்குப் பக்கத்து வீடு. தொழிலுக்கு அல்லாமல் வேறு எங்கே போவதென்றாலும் அண்ணை என் காரில்தான் போவார். அவருடைய வான் முழுக்கக் குழாயும் காஸ் சிலிண்டரும். கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் குளிரறை திருத்துவது அவர் தொழில். அதில் மட்டும் அவருக்கு யோசனை கிடையாது. பழுதான மோட்டாரின் மேல் கையை வைப்பார், இன்ன சாமான் போய்விட்டது என்பார், மாற்றிவிட்டு வந்துவிடுவார். மற்ற எல்லாவற்றுக்கும் ஊரைக் கூட்டுவார்.

துவக்கு ஆசை சுவிஸில் பிடித்தது. லண்டனுக்கு வருவதற்கு முன்பு பல வருடம் அங்கே இருந்தவர். அகதி முகாமில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் கவ்போய் படம் போடுவார்களாம். தொப்பி போட்ட குதிரைக்காரர்கள் எல்லாரும் ஜெர்மன் பேசுவார்கள். அண்ணைக்கு ஒரு வசனமும் விளங்காது. ஆனால் துவக்கின் அடியில் இருக்கிற லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்து, அடுத்த வெடிக்குத் தயாராகிற அந்தச் சத்தம் மட்டும் நன்றாக விளங்கியது. அதை வாயாலேயே செய்து காட்டுவார். நன்றாகச் செய்வார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மீன்கடை வரிசையில் நின்று செய்யும்போதுதான் எங்களுக்கு மானம் போகும்.

ஆசை இருந்தால் போதுமா, இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க ஒரு நியாயம் காட்ட வேண்டும். அந்த நியாயம் லண்டனுக்கு வெளியே, கென்டில் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் கிடைத்தது. அறுவடை நேரத்தில் அங்கே குளிரறை நின்றுபோக, அண்ணை போய் ஓடவைத்துக் கொடுத்தார். தோட்டக்காரர் சந்தோஷத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்து, இளங்கன்றுகளை மான்கள் தின்று தீர்க்கின்றன என்று குறைப்பட்டார். சுடத் தெரிந்தால் வந்து சுடு என்றார். அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. வெள்ளைக்காரர்கள் இப்படி எத்தனையோ சொல்வார்கள். ஒருநாள் சாப்பிட வா என்பார்கள், எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள். அண்ணை அதை வாக்காகவே எடுத்துக்கொண்டார். சுடுகிற கழகம் ஒன்றில் சேர்ந்து பழகினார், டொக்டரிடம் போனார், லைசன்சுக்கு விண்ணப்பித்தார். "லண்டன் தமிழருக்குள்ள மான் சுட நிலம் கிடைச்ச ஆள் நான் ஒருத்தன்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார். வேறு ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

லைசன்ஸ் கொடுப்பதற்கு முன்பு பொலிஸ் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கிற இரும்புப் பெட்டியைப் பார்க்கும். அண்ணை ஆளுயரப் பெட்டியாகவே வாங்கி, மாடியில் சாமியறைச் சுவரில் போல்ட் அடித்து இறுக்கியிருந்தார். வந்த அதிகாரி அதைப் பிடித்து இழுத்தார், தட்டிப் பார்த்தார், கள்ளன் கோடாலியோடு வந்தாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது என்று பாராட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் லைசன்ஸ் வந்தது. இன்ன தோட்டா போடுகிற ரைபிள் ஒன்று வாங்கலாம், ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

கோடாலி வசனத்தைச் சாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி அக்காவும் கேட்டார். அந்த மாதம் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸ் பக்கம், தமிழ் வீடுகளாகப் பார்த்து நகைக் களவு நடந்துகொண்டிருந்தது. பெட்டியோ வெறுமையாகக் கிடந்தது. "துவக்கு வருமட்டும்தானே" என்று சொல்லி, அக்கா தன் தாலிக்கொடியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார். அடுத்ததாகக் குட்மேய்ஸில் இருக்கிற அவருடைய தங்கை சந்திரவதனா ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்தார். பிறகு என் மனைவி றோஸ்மலர். பிறகு சந்திரவதனாவின் சம்பந்தி வீட்டார். தோட்டா வைக்கிற சின்னத் தட்டில் தோடும் மூக்குத்தியும் இருந்தன. துவக்கு நிற்கவேண்டிய இடத்தில் பழைய சேலையில் சுற்றிய அட்டியலும் பதக்கமும் காப்பும் நின்றன. கலியாணத்துக்குக் கலியாணம் எடுக்கவும் வைக்கவும் வசதியாக, பெட்டியின் இரண்டு சாவியில் ஒரு திறப்பு அக்காவிடமும் மற்றத் திறப்பு சந்திரவதனாவின் கைப்பையிலும் இருந்தன.

துவக்கு இல்லாதவரைக்கும் இதில் குற்றம் ஒன்றுமில்லை, அது வெறும் இரும்புப் பெட்டி. துவக்கு உள்ளே போன நாளிலிருந்து திறப்பு லைசன்ஸ்காரரிடம் மட்டும்தான் இருக்கலாம், வேறு யாரும் தொடக்கூடாது. இதைச் சந்திரவதனாவின் மகன் ஆரணன் போனில் தேடிப் பார்த்துத் தாயிடம் சொன்னான். தாய் தமக்கையிடம் சொன்னார். தமக்கை றோஸ்மலரிடம் சொன்னார். றோஸ்மலர் என்னிடம் சொன்னாள். அண்ணையிடம் ஒருவரும் சொல்லவில்லை. முதலில் வந்த அதிகாரி அவருக்கும் சொல்லித்தான் இருப்பார், ஆனால் அப்போது அவர் எந்தத் துவக்கு என்ற யோசனையில் இருந்திருப்பார். துவக்கு வந்து நகைக்குப் பக்கத்தில் நிற்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். துவக்கு வந்தால் நகை வெளியே போகவேண்டும் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

இனி அந்த யோசனைக்கு வருவோம். தோட்டக்காரரும் கழகத்தாரும் ஒரே வாயாக, பக்கத்துப் பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற போல்ட் ரைபிள் வாங்கச் சொன்னார்கள். அது தூரத்துக்கும் அடிக்கும், சுலபமாகவும் கிடைக்கும். மானுக்கு அது போதும், அண்ணைக்குப் போதாது. லீவர் இருக்கவேண்டும். கென்டில் துவக்குக் கடை வைத்திருந்த ஒரு வயதான மனிதரிடம் பழைய லீவர் ரைபிள்கள் இரண்டு இருந்தன. ஒன்று வின்செஸ்டர் 94, மற்றது மார்லின் 336. இரண்டுக்கும் ஒரே தோட்டாதான். வின்செஸ்டர் மெலிந்தது, பாரமில்லை, நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு படத்தில் நடப்பதுபோல நடக்கலாம். ஆனால் வெடித்த தோட்டாவின் வெறும் கோது மேல்பக்கத்தால் பறக்கும், அதனால் தொலைநோக்கி பூட்டுவது தொல்லை. மார்லின் கொஞ்சம் தடிப்பு. அதில் கோது பக்கவாட்டால் போய்விடும், மேலே தொலைநோக்கியைத் தாராளமாகப் பூட்டலாம். அண்ணையின் கண் மார்லினைக் கேட்டது, மனம் வின்செஸ்டரைக் கேட்டது. ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இது. அண்ணை அதை லைசன்ஸ் முடியும்வரை இழுத்தார், நாங்களும் சேர்ந்து இழுத்தோம்.

முதல் தடவை அந்தக் கடைக்குப் போகும்போதே பெண் பார்க்கப் போகிற மாதிரித்தான் போனோம். என் காரில் அண்ணையும் அக்காவும், பின்னால் இன்னொரு காரில் சந்திரவதனா குடும்பம், பிளாஸ்கில் தேநீர், பெட்டி நிறைய ரோல்ஸ். கடைக்காரர் மேசையில் பச்சைத் துணி விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார். எங்களுக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாது, ஆனாலும் பார்த்தோம். சந்திரவதனா வின்செஸ்டரின் மரத்தைத் தடவி, "இது கொஞ்சம் நிறம் குறைவு" என்றார். சிவனேஸ்வரி அக்கா மார்லினைப் பார்த்து, "இது நல்ல தேகம், ஆனா வயது கூடப்போல கிடக்கு" என்றார். கடைக்காரருக்கும் ஒரு ரோல்ஸ் கொடுத்தோம், காரம் தாங்காமல் கண்ணீரோடு சாப்பிட்டார். அண்ணை லீவரை ஒருமுறை இழுத்து, சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "வீட்டை போய்க் கதைச்சுப்போட்டு ஒரு முடிவுக்கு வருவம்" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டில் துவக்குக் கதைதான்.

"இந்தமுறை வின்செஸ்டர்தான். முடிவெடுத்திட்டன்" என்பார் அண்ணை.

"நல்லதுதான் அத்தான்" என்பார் சந்திரவதனா, தேநீரை வைத்துக்கொண்டே. "ஆனா கோது மேலால பறக்கேக்க கண்ணில பட்டுதெண்டா? உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கண் ஒப்பரேஷன் செய்தது."

அண்ணை மோவாயைத் தடவுவார். அடுத்த ஞாயிறு மார்லின் என்பார்.

"மார்லின் பாரமெல்லே" என்பார் அக்கா. "நாள் முழுக்கத் தோளில கொழுவிக்கொண்டு நடக்க உங்களுக்கு ஏலுமே?" பழைய பிரிட்ஜுகளைத் தனி ஆளாக மாடிப்படியில் இறக்குகிற தோள் அது.

ஆடி மாதத்தில் வாங்கக்கூடாது. சரஸ்வதி பூசைக்கு முன்பு வாங்கினால் பூசையில் வைக்கவேண்டும், வைத்தால் ஐயர் என்ன சொல்வாரோ. கந்தசட்டி விரதத்தில் உயிர் எடுக்கிற சாமான் வீட்டுக்குள் வரலாமா. விரதம் முடிந்தால் கனடாவில் ஒரு பெரியப்பா இறந்து துடக்கு, தீட்டு நாளில் வாங்க ஏலாது. நானும் என் பங்குக்கு, "மார்லினுக்குச் சாமான் பழுதாப்போனா எடுக்க ஏலுமோ தெரியாது அண்ணை" என்றேன். எனக்கு மார்லினைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. றோஸ்மலரின் கலியாண நகை உள்ளே இருப்பது தெரியும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கென்டுக்கும் போனோம். அண்ணை இரண்டையும் தூக்கிப் பார்ப்பார், லீவரை இழுப்பார், வீட்டுக்கு வந்து கதைப்போம். இடையில் தோட்டக்காரர் குளிரறை விஷயமாகப் போன் எடுக்கும்போதெல்லாம், துவக்கு வந்துவிட்டதா என்று கேட்பார். "தெரிவு நடந்துகொண்டிருக்கு" என்பார் அண்ணை. மான்களுக்குத் தெரிவு செய்கிற தொல்லை இல்லை, முன்னால் நின்ற கன்றைத் தின்றன.

சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தில் அதற்குமுன் அண்ணையிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கலியாண வீட்டுக்குப் போனால், "அத்தான், பிரிட்ஜ் ஒரு சத்தம் போடுது, ஒருக்காப் பாருங்கோ" என்று குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இப்போது அதே மனிசர் அவரைச் சுற்றி உட்கார்ந்து, கோது எந்தப் பக்கத்தால் பறக்கும் என்று கேட்டார்கள். தன் ஆசை எல்லாருக்கும் தொற்றிவிட்டது என்று அவர் நம்பினார். "எங்கட சந்திரவதனாவுக்கு நல்ல துவக்கு அறிவு, பாத்தீரே" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. அதை நினைக்கும்போது எங்கள் எல்லார்மேலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஐந்து வருடம் முடிகிற இளவேனிலில் பொலிஸிலிருந்து போன் வந்தது. லைசன்ஸைப் புதுப்பிக்கப் போகிறீர்களா, இவ்வளவு காலமும் ஒரு துவக்கும் வாங்கவில்லையே, பிறகு எதற்கு என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். அண்ணைக்கு வியர்த்துவிட்டது. இந்தமுறை விட்டால் துவக்கும் இல்லை, தோட்டமும் இல்லை, இன்னொரு தடவை தொடக்கத்திலிருந்து தொடங்குகிற வயதும் இல்லை. வருகிற சனிக்கிழமை கட்டாயம் வாங்குகிறேன் என்றார். அப்படியானால் வியாழக்கிழமை வந்து பெட்டியைப் பார்க்கிறேன் என்றார் அதிகாரி.

வியாழக்கிழமை வீடு நிறைய ஆட்கள். அந்த வாரம் ஒரு கலியாணம் இருந்ததால் சந்திரவதனா நகை எடுக்க வந்திருந்தார். நான் ஷிப்ட் முடித்து, துவக்குக்காரருக்குப் பக்கபலமாக நிற்கப் போயிருந்தேன். அதிகாரி இளம்பெண், சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாமியறைக்குள் வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். அண்ணை இரண்டு சட்டைப்பையையும் தடவினார், பிறகு மனைவியிடம் திறப்பைக் கேட்டு வாங்கினார்.

கதவு திறந்தது. சேலைச் சுற்றுகள், பிஸ்கட் ரின்கள், பெயர் எழுதிய சுருக்குப் பைகள். அதிகாரி குனிந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். பிறகு, இதற்கு எத்தனை திறப்பு, யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பொலிசுக்கு ஒத்துழைக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சந்திரவதனா தன் கைப்பையைத் திறந்து மற்றத் திறப்பை எடுத்துக் காட்டினார்.

அதிகாரி கோபப்படவில்லை, அண்ணையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். துவக்கு வருவதென்றால் இவ்வளவும் இங்கேயிருந்து போகவேண்டும், இரண்டு திறப்பும் உங்களிடம் மட்டும் இருக்கவேண்டும், வேறு ஒருவரும் திறக்கக்கூடாது. துவக்கு வேண்டாமென்றால் இது உங்கள் வீட்டுப் பெட்டி, எனக்கு இங்கே வேலையில்லை. எது என்று கதைத்துவிட்டுச் சொல்லுங்கள், கீழே நிற்கிறேன். சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணை எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரும் திடுக்கிடவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"இது உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

சந்திரவதனா கைப்பையை மூடினார்.

"அப்ப அந்தக் கோது பறக்கிறது, பாரம், தோள்... அதெல்லாம்?"

"எனக்கென்ன தெரியும் அத்தான் துவக்கைப்பற்றி" என்றார் சந்திரவதனா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் தேவாலயத்துக்குப் போகிறவன், ஆனாலும் முருகன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்கோ" என்றார் அண்ணை.

"இப்ப திடீரெண்டு எங்கை அத்தான் கொண்டுபோறது, கலியாணம் முடியட்டுமே."

"எல்லாத்தையும் எடுங்கோ."

ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் தங்கள் பையை எடுத்தார்கள். றோஸ்மலரின் பையை நான் எடுத்தேன். கடைசியில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டி மட்டும் மிஞ்சியது.

"என்ரையையுமோ?" என்று கேட்டார் சிவனேஸ்வரி அக்கா.

"ஓம்" என்றார் அண்ணை.

யாரையும் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அதுதான். எடுக்கும்போது மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். அண்ணை சந்திரவதனாவிடமிருந்த திறப்பையும் வாங்கிக்கொண்டு கீழே போய் அதிகாரியிடம் இரண்டையும் காட்டினார். அக்கா தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டு, சுவெட்டரின் கழுத்தை அதற்குமேல் இழுத்துவிட்டார். வேறு எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர்தான் போனோம். பிளாஸ்க் இல்லை, ரோல்ஸும் இல்லை. கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். "வின்செஸ்டர்" என்றார் அண்ணை. கடைக்காரர் பச்சைத் துணியில் அதை வைத்தார். அண்ணை லீவரை இழுத்துப் பார்த்தார். கடைக்காரர் லைசன்ஸை வாங்கி, துவக்கின் இலக்கத்தை அதில் எழுதிக்கொண்டே, நல்ல தெரிவு, நீங்கள் முதலில் பார்த்ததைவிட இது நல்லது என்றார்.

முதலில் பார்த்ததும் இதுதானே என்றார் அண்ணை.

இல்லை, அதை அந்த வருடமே விற்றுவிட்டேன் என்றார் கடைக்காரர். அதற்குப்பிறகு ஒன்று வந்து அதுவும் போய்விட்டது, இது மூன்றாவது. மார்லினும் பழையது இல்லை.

அண்ணை துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பிறகு ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

கடைக்காரர் பேனையை மூடினார். அவர் குரலில் பரிகாசம் இருக்கவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. குடும்பமாக வருகிறீர்கள், சாப்பாடு கொண்டுவருகிறீர்கள், சந்தோஷமாகக் கதைத்துவிட்டுப் போகிறீர்கள், நீங்கள் வாங்குவதற்கு வருகிறீர்கள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை என்றார்.

அண்ணை காசைக் கட்டி, துவக்கைப் பையில் போட்டு, என் காரின் பின்பக்கத்தில் வைத்தார். கார் பெருந்தெருவில் ஏறியது.

"அவையளை மட்டும் சொல்லக்கூடாது கொட்வின்" என்றார் பிறகு. "நானும் வாங்கப் போகேல்லைப்போல."

"இப்ப வாங்கியாச்சுத்தானே அண்ணை."

"ஓம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக் கதவைச் சிவனேஸ்வரி அக்கா திறந்தார். சுவெட்டர் அதே இடத்தில் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தது. அண்ணையின் கையில் இருந்த நீளப்பையை ஒருமுறை பார்த்தார். "சோறு மேசையில கிடக்கு, ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பினார். எது வாங்கினது என்று கேட்கவில்லை. சொல்வதற்காக வாயைத் திறந்த அண்ணை, பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார்.